கை பழகாத கிட்டார்

எந்தக் கிட்டாரைப் பார்க்கப் போனாலும் அக்கா முதலில் அதைத் திருப்பி முதுகைத்தான் பார்ப்பாள். விற்பவர் முன்பக்கத்து மெருகைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். அது அவள் காதில் ஏறாது. கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில் ஒரு இரும்புத் தகடு இருக்கும். அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவுவாள். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து, "சரி, இப்போ சொல்லுங்கோ" என்பாள்.

நான் அப்போது திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்த புதிது. பாளையத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகம். அக்காவும் அங்கேதான் வேலை பார்த்தாள், சொந்த அக்கா இல்லை. சொந்த ஊர் எது என்று கேட்டாள். பாளையங்கோட்டை என்றேன். "பாளையங்கோட்டையிலேர்ந்து பாளையத்துக்கு வந்திருக்கே. கோட்டையை எங்கே விட்டே?" என்றாள். நான் முழித்தேன். "கோட்டை எங்காத்துப் பக்கம்தான் இருக்கு. சாயங்காலம் வாடி, காமிக்கறேன்." அப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது. அன்று மாலையே ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து கிழக்கேகோட்டை வழியாக ஸ்ரீவராகத்துக்குப் போனேன். போகும் வழியில் கரமனையில் ஒரு வீட்டில் நிறுத்தி, "அஞ்சு நிமிஷம்" என்றாள். அது ஒரு பேஸ் கிட்டார் விற்கிற வீடு. முன்பின் தெரியாத வீடுகளுக்குத் தனியாகப் போக அவளுக்குத் துணை வேண்டியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. நான் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கும் ஊரில் வேறு யாரையும் தெரியாது.

பேஸ் கிட்டார் என்றால் எல்லோரும் நினைக்கிற கிட்டார் இல்லை. நாலே நாலு கம்பி, ஒவ்வொன்றும் தடியாக இருக்கும். கழுத்து நீளம். பாட்டில் அடியில் தூண் மாதிரி ஒரு சத்தம் நடந்துகொண்டே இருக்குமே, அதுதான். அக்கா பழைய பேஸ் கிட்டார்களை இணையத்தில் பார்த்து வாங்குவாள். சில வாரம் வைத்திருப்பாள். அப்புறம் போட்டோ எடுத்து இணையத்திலேயே போட்டு விற்றுவிடுவாள். விற்ற கையோடு இன்னொன்று. இதில் லாபம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சமயத்தில் கைக்காசும் போகும். அலுவலகத்தில் சிலர் இதை ஒரு சைடு பிசினஸ் என்று நினைத்திருந்தார்கள். அவளும் திருத்தவில்லை.

அவளால் ஒரு இடத்தில் இருக்க முடியாது. மின்விசிறிக்குக் கீழே உள்ள நாற்காலிக்கு அடித்துப் பிடித்து மாறுவாள், அடுத்த மாதமே ஜன்னலோரம் போய்விடுவாள். டீயில் பாதிதான் குடிப்பாள். ஸ்ரீவராகத்திலிருந்து அலுவலகத்துக்கு ஒரு நாள் சாலைக் கடைத்தெருவில் புகுந்து வருவாள், மறுநாள் அட்டக்குளங்கரை வழியாகச் சுற்றி வருவாள். கேட்டால், "அந்த வழி தெரிஞ்சு போச்சு" என்பாள். வீட்டில் மேஜை நாற்காலிகள் வாரத்துக்கு ஒரு திசை பார்க்கும். அவள் கணவர் ஒருமுறை பேப்பரைப் படித்தபடியே வழக்கமான இடத்தில் உட்காரப் போய்த் தரையில் உட்கார்ந்தார். பேப்பரில் விட்ட இடத்திலிருந்து படித்தார்.

அவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். ஒரு அரசு அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் வேலை. அந்த அக்ரஹாரத் தெருவில், அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். கல்யாணத்துக்காக நாகர்கோவில் போனதுதான் அவர் செய்த பெரிய பிரயாணம் என்று அக்கா கேலி செய்வாள். அவள் கிட்டார்களை மூட்டை கட்டி அனுப்பும்போது கழுத்துக்கு முட்டுக் கொடுக்க அவருடைய வேஷ்டிகளைச் சுருட்டி வைப்பாள். அவர் கொடியைப் பார்த்துவிட்டு, "இந்தத் தரம் எங்கே போயிருக்கு?" என்பார். "மூவாற்றுப்புழா" என்று உள்ளேயிருந்து பதில் வரும். அவர் வேஷ்டிகள் ஆலுவாவுக்கும் சாவக்காட்டுக்கும் போயிருக்கின்றன. அவர் போனதில்லை.

பக்கத்து வீட்டு மாமிக்கு மட்டும் குறை உண்டு. "வீணைன்னா காதுக்குக் கேக்கும். இது சுவரைன்னா இடிக்கறது! எங்காத்துப் பித்தளைச் சொம்பெல்லாம் ஆடறதாக்கும்" என்று ஒரு நாள் என்னிடம் முறையிட்டாள். அக்காவிடம் சொன்னேன். "எந்தச் சொம்பு? எந்த நோட்டுக்கு ஆடறதுன்னு கேட்டுண்டு வா" என்றாள்.

விற்பவர்கள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்ததும் வாசலில் எங்களுக்குப் பின்னால் யாரையோ தேடுவார்கள். "ஹஸ்பண்ட் வன்னில்லே?" கணவர் வரவில்லையா என்று கேட்பார்கள். கழக்கூட்டத்தில் ஒரு ஐ.டி. பையன் வெளிநாடு போவதற்காக எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்தான். அக்காவுக்குக் கிட்டாரை எப்படிப் பிடிப்பது என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்தான். அவளும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு கிட்டாரை வாங்கி, ஒயர் எதுவும் மாட்டாமல், அதன் மேல்முனையில் தாடையைப் பதித்துக்கொண்டு வாசித்தாள். அப்படி வைத்தால் சத்தம் எலும்பு வழியாகக் கேட்கும் என்பாள். எனக்கு ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அவள் முகம் மாறியது. சின்னக் குழந்தை எதையோ ஒளித்து வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி. அந்தப் பையன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சேச்சி, ஸாரி. ஞான் இது கொடுக்குன்னில்ல" என்று கிட்டாரைத் திரும்ப வாங்கிக்கொண்டான். விற்கவில்லையாம், கூடவே கொண்டு போகப் போகிறானாம். திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா சிரித்தாள். அதற்கப்புறம் விலை பேசி முடித்து கிட்டார் கைக்கு வந்த பிறகுதான் வாசிப்பாள்.

எனக்கு அவளிடம் பிடிக்காத விஷயமும் உண்டு. ஒரு முறை தேன் நிறத்தில் ஒன்று வந்தது. அதில் அவள் வாசித்த ஏதோ ஒன்று, இறங்கி இறங்கிப் போய் ஒரு படியில் நின்று யோசித்து மறுபடி ஏறுகிற மாதிரி, எனக்குள் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. "அக்கா, இதை மட்டும் குடுத்திராதீங்க" என்றேன். "சரிடி" என்றாள். அடுத்த வாரம் போனால் அது இல்லை. கேட்டதற்கு, "அதுல இருந்தது அவ்வளவுதான், வந்துடுத்து" என்றாள். அன்று எனக்கு ஒரு பயம் வந்தது. மனுஷர்களையும் இவள் இப்படித்தான் பார்க்கிறாளோ என்று. ஒரு வாரம் நான் அவளோடு எங்கும் போகவில்லை. அவள் வருந்தியதாகவும் தெரியவில்லை. பிறகு நானே போனேன்.

முதுகைத் தடவிப் பார்க்கும் காரணத்தை ஒரு மழை நாளில் சொன்னாள். தம்பானூரில் ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்றிருந்தோம். கல்லூரியில் படிக்கும்போது அவளுக்கு ஒரு பேஸ் இருந்தது. ஜப்பானில் செய்தது, அவளைவிட வயது கூடியது. நாகர்கோவிலில் ஒரு கப்பல் வேலைக்காரரிடமிருந்து வாங்கியது. மாணவர் குழுவில் அவள் ஒருத்திதான் பெண். ஒரு தடவை தகட்டைக் கழற்றி மாட்டும்போது தப்பான இடத்தில் துளை போட்டுவிட்டாள். தீக்குச்சியை உடைத்து அடைத்து, மேலே மெரூன் நகப்பாலிஷ் வைத்துப் பூசினாள். அவள் கல்யாணத்துக்கு வீட்டை வெள்ளையடித்தபோது அப்பா அதை யாருக்கோ கொடுத்துவிட்டார். "வெளியூர் போயிட்டு வந்தேன். சுவர் வெள்ளையா இருந்தது. அது இருந்த மூலையும் வெள்ளையா இருந்தது. அப்பா, நல்ல விலைக்குப் போச்சும்மான்னார்."

"அதைத்தான் தேடுறீங்களாக்கா?"

"பின்னே?" என்றாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. அவள் ஓட்டத்துக்கெல்லாம் காரணம் இதுதான், அது கிடைத்துவிட்டால் அடங்கிவிடுவாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது நான் மட்டுமில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் அண்ணா எனக்கு போன் செய்தார். அவர் எனக்கு போன் செய்ததே அதுதான் முதல் தடவை. "பொன்முடி வரைக்கும் போகணும். நீயும் வந்தா நன்னாருக்கும். அவகிட்டச் சொல்லாதே" என்றார். தன் பழைய காரைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். பின் இருக்கையில் ஒரு புத்தம் புது பேஸ் கிட்டார், பெல்ட் போட்டு உட்காரவைத்திருந்தார்.

நகப்பாலிஷ் சமாசாரம் அவருக்கும் தெரிந்திருக்கிறது. கல்யாணமான புதிதில் அக்கா ஒரே ஒரு தடவை சொன்னாளாம். அவர் இரண்டு வருஷமாக வாத்தியக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சேர்ந்து, கானமேளா என்கிற மேடைக் கச்சேரி நடத்துகிறவர்கள், சர்ச் பாட்டுக்குழுக்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பேஸுக்கு எத்தனை கம்பி என்றுகூடத் தெரியாத மனிதர். கடைசியில் பொன்முடி எஸ்டேட் சர்ச்சில் வாசிக்கிற ஒருவர் முதுகுப் பக்கம் ஒரு படம் அனுப்பியிருந்தார்.

கொண்டையூசி வளைவுகளில் அவர் வண்டியை மிக மெதுவாக ஓட்டினார். பனி இறங்கியிருந்தது. ஒரு வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றபோது, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "இவ என்னையும் ஒரு நாள் போட்டோ எடுத்துப் போட்டுடுவாளோன்னு நெனச்சுப்பேன், கேட்டியா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்கவில்லை.

எஸ்டேட் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்தில் அந்த மனிதர் எங்களுக்காகக் காத்திருந்தார். தேயிலை ஆலையில் வேலை பார்ப்பவர். எங்கள் பக்கத்துத் தமிழ்தான். ஆணியிலிருந்து கிட்டாரை எடுத்துக் கொடுத்தார். அண்ணா அதைத் திருப்பினார். தகட்டின் ஓரத்தில் மெரூன் புள்ளி. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இதுக்குப் பதிலா அந்தப் புதுசை வச்சுக்கறேளா? உங்களுக்கு இஷ்டம் இல்லேன்னா வேண்டாம்" என்றார்.

எஸ்டேட்காரர் புதியதைத் தோளில் மாட்டி வாசித்துப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "சார், தப்பா எடுக்காதீங்க. பழசு ரொம்பக் கனம். ஆராதனை முழுக்க நிக்கணும்லா, தோளு கழண்டு போவுது. நாங்களே வேற பாக்கணும்னு இருந்தோம்" என்றார் அந்த மனிதர். எங்களுக்குப் பால் விடாத கட்டன்சாயா கொடுத்தார்கள். அண்ணா அங்கேயே இரண்டு கிளாஸ் குடித்தார்.

அன்று மாலை அக்காவை நான்தான் கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கூட்டிவந்தேன். கட்டிலில் கிட்டார் முகம் மேலே பார்த்துக் கிடந்தது. அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "யாரு இது, எப்போ வந்தது?" என்று கேட்டபடியே திருப்பினாள். விரல் அந்த இடத்துக்குப் போய் நின்றது. தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணா வாசற்படியில் நின்றுகொண்டு தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்களா?" என்றாள். அவர் தலையாட்டினார். அவள் அழுதாள். பிறகு சிரித்தாள். பிறகு வாசிக்க ஆரம்பித்தாள். நான் சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டேன்.

அந்த வாரம் அலுவலகத்தில் அவளைப் பார்த்தவர்கள் உடம்புக்கு ஏதாவதா என்று என்னைக் கேட்டார்கள். ஒரே நாற்காலியில் இருந்தாள். டீயை முழுதாகக் குடித்தாள். அண்ணா கூடத்துச் சுவரில் தானே துளை போட்டு, கிட்டாரை மாட்ட ஒரு கொக்கி அடித்தார். அந்த வீட்டில் கிட்டாருக்கென்று ஒரு இடம் வந்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் அவள் என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டாள். கிட்டார் சுவரில் சாய்ந்து நின்றது. கையில் போனைக் கொடுத்து, "வெயில் போறதுக்குள்ளே ரெண்டு படம் எடுடி. முதுகுப் பக்கமும் எடு" என்றாள்.

நான் போனைத் தாழ்த்தினேன். "என்னக்கா இது? இது அதுதானே?"

"அதேதான். அதான் கஷ்டம்." கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எடுத்தா, இருபது வயசுல என்ன வாசிச்சேனோ அதே நாலு பாட்டுதான் வரது. அதே இடத்துல அதே விரல். கைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. வேற ஒண்ணுமே வர மாட்டேங்கறது. மத்தவா கிட்டாரை எடுத்தா எனக்கே தெரியாததெல்லாம் வரும். அதுக்காகத்தான் வாங்கினேன்னு இப்பத்தான் தெரியறது. இதைத் தேடறேன்னு நானே நெனச்சுண்டிருந்தேன்."

"அண்ணா கிட்டச் சொன்னீங்களா?"

"எப்படிடி சொல்றது?" என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அந்த வீட்டில் அது இரண்டாவது தடவை. ஆனாலும் படம் எடுக்கச் சொன்னாள். நான் எடுத்தேன்.

அவள் மறந்துபோனது ஒன்று உண்டு. அண்ணா அந்த வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து விலகவே இல்லை. அந்தக் குழுக்களிலும் அவள் விளம்பரம் போட்ட அன்றைக்கே அவர் போனிலும் அது போய் நின்றிருக்கும். அன்று வீட்டில் என்ன நடந்தது என்று மறுநாள் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. சாப்பிட்டார். ரசம் நன்றாயிருந்தது என்றார். கூடத்தில் காலிக் கொக்கிக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்தார். "ஒரு வார்த்தை கத்தியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்" என்றாள். அன்று அவள் காலையிலிருந்து மூன்று முறை நாற்காலி மாறியிருந்தாள்.

மதியச் சாப்பாட்டின் நடுவில் அவள் போன் அதிர்ந்தது. பார்த்தாள். அப்படியே போனை என் பக்கம் திருப்பினாள். அண்ணாவின் எண்.

"விளம்பரம் பார்த்தேன். இன்னும் இருக்கா?"

சோற்றுக் கையை அவள் கழுவக்கூட இல்லை. இடது கையால் மெல்லத் தட்டினாள்: "இருக்கு."

"நல்ல நிலையில இருக்கற மாதிரி தெரியறது. ஏன் விக்கறேள்?"

அவள் ஏதோ எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள். "கை பழகிப் போச்சு. புதுசா ஒண்ணும் வரலை. கிட்டார் மேல தப்பில்லை. கொண்டுவந்தவா மேலயும் தப்பில்லை."

நாங்கள் இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து மேஜையில் யாரோ டப்பாவை மூடினார்கள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. என் கையில ஏதாவது வருமா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எழுதினாள்: "தெரியாதவாளுக்கு எல்லாமே புதுசுதான். நன்னா வரும்."

"அப்போ எனக்கே வேணும். வேற யாருக்கும் குடுத்துடாதீங்கோ. எப்போ வந்து பாக்கலாம்?"

"ஆறு மணிக்கு நான் ஆத்துக்கு வந்துடுவேன். நீங்களும் வருவேளே."

விலை பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அன்று சாயங்காலம் என்னையும் கூடவே கூட்டிக்கொண்டு போனாள். அண்ணா சட்டை மாற்றி, தலை வாரி, கூடத்தில் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவள் கிட்டாரை அவர் மடியில் வைத்தாள். அவர் பெரிய கம்பியைத் தட்டினார். விரல் சரியாக அழுந்தாமல் அது கரகரவென்று இரைந்தது. "ஐயோ" என்றார். அவள் அவருக்குப் பின்னால் போய் நின்று, அவர் இடது கைக் கட்டைவிரலைப் பிடித்து, கழுத்தின் பின்னால் சரியான இடத்தில் நகர்த்தி வைத்தாள். "இப்போ அடிங்கோ." இந்தத் தடவை சத்தம் சுத்தமாக வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு பாத்திரம் கணகணத்தது.

அவள் நின்றுவிடவில்லை. வாங்கினாள், விற்றாள். இன்னும் கொஞ்ச நாளில் லீவு போட்டுவிட்டு ஒரு கானமேளா குழுவோடு உற்சவங்களுக்குப் போக ஆரம்பித்தாள். சொந்தக் கிட்டாரை எடுத்துப் போக மாட்டாள். அந்தந்த ஊரில் எது கிடைக்கிறதோ, யார் வைத்திருக்கிறார்களோ, அதைத்தான் வாசிப்பாள். குழுக்காரர்கள் இதற்காக அவளோடு சண்டை போடுவார்களாம். எனக்கு அதற்குள் மதுரைக்கு மாற்றல் வந்துவிட்டது.

போன வருஷம் ஒரு வேலையாகத் திருவனந்தபுரம் போனபோது ஸ்ரீவராகத்துக்குப் போனேன். அண்ணா மட்டும் இருந்தார். அக்கா பத்தனம்திட்டைப் பக்கம் ஒரு கோவில் உற்சவத்தில் இருந்தாள். "ஒரு பாட்டு முழுசா வரது. கேக்கறியா?" என்றார். வாசிக்க ஆரம்பிக்கும்போது அக்காவிடமிருந்து வீடியோ கால் வந்தது. அவர் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வாசித்தார். அவள் நடந்துகொண்டே கேட்டாள். படம் ஆடிக்கொண்டே இருந்தது. டியூப் லைட்டுகள், வளையல் கடை, யாரோ ஒரு குழந்தையின் தலை, மூங்கில் கம்பங்கள். "ரெண்டாவது அடியில அவசரப்படறேள்" என்றாள். என்னைப் பார்த்து, "நீ எப்போடி வந்தே?" என்றாள். பதில் சொல்வதற்குள் யாரோ மலையாளத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். சவுண்ட் செக்குக்கு நேரமாகிவிட்டதாம். மேடைப் படி ஏறுவது தெரிந்தது. போனை நிறுத்தாமலே பையில் போட்டுக்கொண்டாள் போலிருக்கிறது. திரை இருட்டானது.

போனில் பேஸ் சத்தம் சரியாகக் கேட்காது. அண்ணா எழுந்து போய் இயர்போனை எடுத்து வந்து, ஒன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டு மற்றதை என்னிடம் நீட்டினார். முதலில் துணி உரசுகிற சத்தம். பிறகு மைக்கைத் தட்டுகிற சத்தம். அதற்கும் அடியில் மெதுவாக ஒன்று கிளம்பியது. ஒரு இடத்தில் தயங்கியது, வழி கேட்கிற மாதிரி நின்றது, பிறகு நான் எதிர்பார்க்காத பக்கம் திரும்பிப் போனது.

அண்ணா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இது எவன் கிட்டாரோ, தெரியலை" என்றார். "ஆனா இதுக்கு முன்னால அவ இப்படி வாசிச்சதில்லை."